கீசருக்கும் போர் மோட்டருக்கும் வைஃபை மீட்டர் சுவிட்ச்: எந்தப் பெட்டி சரி?

வணக்கம். ஆப்பில் போட்டு அணைக்கவும் மின் செலவைப் பார்க்கவும் உதவும் 16 ஆம்பியர் வைஃபை மீட்டர் சுவிட்ச் இரண்டு மாட்ட வேண்டும்: 2 கிலோவாட் கீசருக்கு ஒன்று, 1 ஹெச்.பி. போர் மோட்டருக்கு ஒன்று.

கீசர் 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குள்தான் இழுக்கும். 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், முனையில் லக் (ஒயர் நுனியில் அழுத்திப் பொருத்தும் உலோக முனை), முன்னால் 16 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் மிகுந்தால் தானே அணைவது), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணைவது). ஸ்க்ரூ தளர்ந்தால் இந்த லோடிலேயே டெர்மினல் கருகிவிடும். எர்த் ஒயர் சுவிட்சுக்குள் போகாமல் தனி கனெக்டர் வழியாக நேரே கீசருக்கு.

பெட்டிதான் குழப்பம். இரும்புப் பெட்டி சிக்னலை மறைக்கும். தூசியும் தண்ணீரும் புகாதபடி இறுக மூடிய ஐ.பி. 65 பெட்டியில் சூடு தேங்கும். பாத்ரூமுக்கு வெளியே, தீ எளிதில் பரவாத பாலிகார்பனேட் பெட்டி, சுற்றிலும் 3 செ.மீ. இடைவெளி, கேபிள் கிளாண்ட் (ஒயர் நுழையும் துளையில் ஒயரை இறுக்கிப் பிடிப்பது). இது போதுமா, காற்றுத் துளை வேண்டுமா? (பல்லி, எறும்பு வேறு!)

மோட்டர் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். அதில் சுவிட்சுக்குள் இருக்கும் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் ஆப்பில் அணைத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் நடுவே கான்டாக்டர் (பெரிய கரண்டைத் தாங்கும், காயிலால் இயங்கும் சுவிட்ச்). ஆனால் அப்போது மீட்டர், காயில் இழுக்கும் சில வாட்டை மட்டுமே காட்டும். மோட்டரின் யூனிட் கணக்குக்கு சி.டி. கிளாம்ப் மீட்டர் (ஒயரைச் சுற்றி மாட்டி கரண்டை அளப்பது) தவிர வேறு வழி உண்டா? செய்து பார்த்தவர்கள் வயரிங் படத்தோடு சொன்னால் நல்லது.