நிழல்குச்சியில் 0.15° பிழை: பலகை சாய்வா, அட்சரேகையா?

வணக்கம் நண்பர்களே. 1 மீட்டர் குச்சியின் உச்சியில் 5 மி.மீ. துளையிட்ட தகடு. நிழல் மிகக் குட்டையாகும் கணத்தில் (கடிகாரத்தின் 12 மணியில் அல்ல, நவம்பர் தொடக்கத்தில் நேரச் சமன்பாடு, அதாவது சூரிய நேரத்துக்கும் சராசரிக் கடிகார நேரத்துக்கும் உள்ள வித்தியாசம், மட்டுமே 16 நிமிடம்) ஒளிவட்டத்தின் மையம் வரை அளந்து, ஊரின் அட்சரேகையிலிருந்து உச்சித் தூரத்தை (தலைக்கு நேர் மேலிருந்து சூரியன் விலகியிருக்கும் கோணம்) கழித்து சூரியனின் நடுவரை விலக்கத்தை (வான நடுக்கோட்டிலிருந்து வடக்கே + , தெற்கே − கோணம்) கணக்கிடுகிறோம். துளை அவசியம், வெறும் குச்சியில் கருநிழலின் முனை சூரியனின் மேல் விளிம்பைத்தான் காட்டும், கால் பாகை ஏறிவிடும்.

ஜூன் 21: +23.6°. டிசம்பர் 22: −23.3°. வித்தியாசத்தில் பாதி 23.45°, பூமியின் அச்சுச் சாய்வு அழகாக வந்துவிட்டது. ஆனால் உண்மை மதிப்பான ±23.44° உடன் ஒப்பிட்டால் இரண்டுமே ஏறக்குறைய 0.15° வடக்கே தள்ளி உள்ளன. சம இரவு நாள் அருகே விலக்கம் தினமும் 0.4° நகர்வதால், இந்தப் பிழையால் சம இரவின் நேரமே ஏறக்குறைய 9 மணி நேரம் பிசகுகிறது.

குச்சி மட்டும் சாய்ந்திருந்தால் டிசம்பரின் நீண்ட நிழலில் பிழை குறைந்திருக்கும். குறையவில்லை. ஆகவே பலகை மட்டம் அல்லது அட்சரேகை மீதுதான் சந்தேகம். பலகையின் 30 செ.மீ. நீளத்துக்கு 0.8 மி.மீ. உயர்வே போதும், எங்கள் ரசமட்டத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தாலும் அது தெளிவாகத் தெரிவதில்லை.

பலகையை 180° திருப்பி இரு அளவுகளின் சராசரி எடுத்தால் பலகையோடு சேர்ந்து திரும்பும் சாய்வு நீங்கும் (அடியில் உள்ள தளத்தின் சாய்வு நீங்காது). நண்பகலின் அந்தச் சில நிமிடங்களுக்குள் இரண்டையும் எப்படி எடுக்கிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.