ஃப்ரோசன் ஸ்நாக்ஸ்: பாக்கெட்ல போட்ட கலோரியும் தட்டுல வர்ற கலோரியும் - உங்க அனுபவம்?

தராசுத்தட்டு:
வணக்கம் நண்பர்களே. ஃப்ரோசன் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ், நக்கெட்ஸ் வாங்கிச் சாப்பிடுறவங்க கலோரிக் கணக்குப் போட்டப்போ என்ன கவனிச்சீங்கன்னு எழுதுங்க. எங்கேயோ படிச்சதை விட நீங்களே பார்த்ததா இருந்தா எல்லாருக்கும் உதவும்.

முதல்ல நான். என் ஃப்ரீசர்ல இருக்கிற ஃப்ரைஸுக்கு 100 கிராமுக்கு 150 கலோரி. ஆனா பாக்கெட்டுக்கு முன்னாடி பெரிய எழுத்துல இருக்கிறது 85 கிராம் அளவுக்கான கணக்கு, 130க்குள்ள முடிஞ்சிடுது. 85 கிராமை எடை போட்டுத் தட்டுல கொட்டிப் பாருங்க, ஒரு ஓரம்தான் நிறையும். வீட்ல எல்லாரும் வழக்கமா எடுத்துக்கிற அளவைத் தராசுல வச்சா 200 கிராம் தாண்டுது. அப்போ 300 கலோரிக்கு மேல. பாக்கெட் பொய் சொல்லல. அந்த 85 கிராம் ஒரு பொருளோட இன்னொண்ணை ஒப்பிட்டுப் பார்க்க வச்ச அளவு. நாம எவ்வளவு சாப்பிடுவோம்னு அதுக்குத் தெரியாது. அதனால நான் பின்பக்கம் 100 கிராம் கணக்கை மட்டும்தான் பார்ப்பேன்.

குளிர்அறை:
ஃப்ரைஸ் தயாரிக்கும் ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்திருக்கிறேன். உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். கிழங்கைச் சீவி, வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டெடுத்து, சூடான காற்றில் உலர்த்துவோம். அடுத்தது காய்ந்த எண்ணெய். ஏறக்குறைய ஒரு நிமிடம் அதில் ஓடி வெளியே வந்த பிறகுதான் உறைய வைக்கும் அறைக்கே போகும். ஆகவே நீங்கள் பாக்கெட்டைப் பிரிக்கும்போதே அது பாதி பொரித்த பண்டம். 100 கிராமில் 5 கிராம் பக்கம் கொழுப்பு இருக்கும், அதுவே 45 கலோரி. ஏர் ஃப்ரையரில் செய்தால் எண்ணெயே இல்லை என்று பலர் நம்புகிறார்கள். நீங்கள் புதிதாக ஊற்றவில்லை, அவ்வளவுதான்.

பொருள்பட்டியலில் டெக்ஸ்ட்ரோஸ் என்று பார்த்து சர்க்கரை சேர்க்கிறார்களே என்று பயப்படுபவர்களையும் பார்த்திருக்கிறேன். நிறம் ஒரே சீராக வருவதற்காக மிகக் குறைந்த அளவில் சேர்ப்பது அது. கிழங்கு கறுத்துவிடாமல் இருக்க ஒரு பாஸ்பேட் உப்பும் போடுவார்கள். உறைய வைப்பதால் கலோரி ஏறாது, இறங்காது. வைட்டமின் சி மட்டும் அந்த வெந்நீரில் கொஞ்சம் கரைந்து போகும்.

அளந்துசமை:
குளிர்அறை சொன்னதுக்கு அடுத்த கட்டத்தை நான் சொல்றேன், ஏன்னா இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க. உறைஞ்ச ஃப்ரைஸ் 100 கிராமுக்கு 150 கலோரி, எண்ணெயில பொரிச்ச ஃப்ரைஸ் 100 கிராமுக்கு 310 கலோரி. ரெண்டு கணக்கையும் பக்கத்துல பக்கத்துல பார்த்தா, பொரிச்சதும் கலோரி இரட்டிப்பாயிடுச்சுன்னுதான் தோணும். எனக்கு அது ஒத்துவரல. அதனால சமையலறையிலேயே எடை போட்டேன்.

100 கிராம் உறைஞ்ச துண்டுகள். எண்ணெயையும் எடை போட்டு ஊத்தினேன். பொரிச்செடுத்தப்போ துண்டுகள் 65 கிராம் பக்கம் வந்துச்சு. சட்டியில எண்ணெய் 5, 6 கிராம் குறைஞ்சிருந்தது. ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி, ஆக உள்ள போன எண்ணெய் 50 கலோரி. மொத்தம் 200. அந்த 200, இப்போ 65 கிராமுக்குள்ள அடங்கியிருக்கு. 100 கிராமுக்குக் கணக்குப் போட்டா 310 கிட்ட வந்துடுது! எண்ணெய் ஏறினது கொஞ்சம்தான், தண்ணி ஆவியா போனதுதான் அதிகம்.

ஓவன்ல சுட்டாலும் இதே கதை. எடை 80 கிராமா இறங்குது, ஆனா உள்ள இருக்கிறது அதே 150 கலோரி. அதனால சமைச்ச பிறகு எடை போட்டு, அதைப் பாக்கெட்ல இருக்கிற எண்ணால பெருக்காதீங்க, குறைச்சுக் காட்டும். உறைஞ்ச நிலையிலேயே எடை போட்டுட்டு, பொரிச்சா எண்ணெயைத் தனியா கூட்டுங்க. சில பாக்கெட்ல "சமைத்த பின்" கணக்கு போட்டிருப்பாங்க, அதையும் ஒரு தடவை பார்த்துக்கோங்க.

இன்னொண்ணு. எண்ணெய் அதிகமா உள்ள போறது சட்டியில வேகும்போது இல்ல, வெளிய எடுத்து ஆறும்போது. உள்ள இருக்கிற ஆவி அடங்கினதும் மேல ஒட்டியிருக்கிற எண்ணெய் உள்ள இழுபடுது. எடுத்த உடனே நல்லா உதறி, காகிதத்துல ஒத்தி எடுத்தா பலன் உண்டு. ஆறின பிறகு ஒத்தினா அவ்வளவு வராது.

சர்க்கரைக்கணக்கு:
என் மகனுக்கு டைப் 1 சர்க்கரை. சாப்பாட்டுல எவ்வளவு மாவுச்சத்துன்னு பார்த்துத்தான் இன்சுலின் போடணும். நக்கெட்ஸ் கோழிதானே, அதுல ஏது மாவுன்னு சொந்தக்காரங்க கேட்பாங்க. மேல இருக்கிற பூச்சு முழுக்க மாவு. நாங்க வாங்குறதுல 100 கிராமுக்கு மாவுச்சத்து 15 கிராம், புரதமும் 15, கொழுப்பு 18. மாவுக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரின்னு போட்டா மொத்தம் 280 சொச்சம் வருது. பாதிக்கு மேல கொழுப்புலேர்ந்து! புரதத்துக்காகக் குடுக்கிறோம்னு நினைக்கிற அம்மாக்கள் இதைக் கொஞ்சம் பாருங்க.

கொழுப்பு அதிகமா இருக்கிறதால வயிறு மெதுவா காலியாகும். சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல பார்த்தா சர்க்கரை ஒழுங்கா இருக்கும், நடுராத்திரிக்கு ஏறி நிற்கும். டாக்டர்கிட்ட அந்த அளவுகளைக் காட்டினோம், அவர் ஊசி போடுற முறையை மாத்திக் குடுத்தார். நீங்களா மாத்த வேண்டாம், அவசியம் கேட்டுச் செய்யுங்க.

தராசுத்தட்டு:
சகோதரி, எனக்கு இது புது விஷயம். எழுதினதுக்கு ரொம்ப நன்றி.

அப்பாவின்மகள்:
கலோரியை விட எனக்குக் கவலை உப்புதான். அப்பாவுக்கு ரத்த அழுத்தம். உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்ற எல்லை ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் சோடியத்துக்குள்ள, உப்பா சொன்னா 5 கிராம். அப்பாவுக்குப் பிடிச்ச மசாலா பூசின ஃப்ரைஸ்ல 100 கிராமுக்கு 500 மில்லிகிராம். 200 கிராம் சாப்பிட்டா பாதி நாள் கணக்கு முடிஞ்சது. இப்போ மசாலா இல்லாததை வாங்கி மிளகுத்தூள் தூவித் தர்றேன், அவரும் விரும்பித்தான் சாப்பிடுறார். பாக்கெட்ல சோடியம்னு போட்டிருக்கா, உப்புன்னு போட்டிருக்கான்னு பாருங்க. சோடியத்தை 2.5ஆல பெருக்கினாத்தான் உப்பு.

வெளிநாட்டுப்பாக்கெட்:
சில நாட்டுப் பாக்கெட்டுகளில் கலோரிக்குப் பதிலாக ஆற்றலை அளக்கும் இன்னொரு அலகான கிலோஜூல்தான் முதலில் இருக்கும். 630 என்று பார்த்துப் பதற வேண்டாம், 4.2ஆல் வகுத்தால் அதே 150 கலோரி.

இரவுச்சிற்றுண்டி:
ஃப்ரைஸை இவ்வளவு எடை போட்டீங்க, தொட்டுக்கிற மயோனைஸை யாரும் எடை போடலையே. ஒரு மேசைக்கரண்டி 90 கலோரிக்கு மேல. தாராளமா ரெண்டு கரண்டி போனா 120 கிராம் உறைஞ்ச ஃப்ரைஸுக்குச் சமம். தக்காளி கெச்சப் அதே கரண்டிக்கு 20 கலோரிக்குள்ளதான், ஆனா அதுல சர்க்கரையும் உப்பும் உண்டு. நான் ஒரு கரண்டி மயோனைஸைச் சின்னக் கிண்ணத்துல எடுத்துட்டு, பாட்டிலை மூடி ஃப்ரிட்ஜ்ல வச்ச பிறகுதான் சாப்பிட உட்காருவேன்.