வீட்டில் தீப்பொறி காட்ட: மைக்ரோவேவ் டிரான்ஸ்பார்மரா, வான் டி கிராஃபா?

கேள்வி:
பள்ளிக் கண்காட்சிக்கு 4 செ.மீ. தீப்பொறி தாவ வேண்டும். பழைய மைக்ரோவேவ் அவன் டிரான்ஸ்பார்மர் இருக்கிறது, போதுமா? ஊர் கடலோரம், ஈரக்காற்று.

பதில் 1:
அதைத் தொடவே வேண்டாம். சுமார் 2,000 வோல்ட்டில் அரை ஆம்பியர் வரை தரும், ஆளைக் கொல்ல அதில் பத்தில் ஒரு பங்கே தாராளம். செகண்டரி (வெளியீட்டு) பக்கம் ஷாக் அடித்தால் வீட்டு ஆர்சிசிபிக்கு (மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) தெரியாது, டிரிப் ஆகாது. இத்தனைக்கும் 2,000 வோல்ட் ஒரு மி.மீ. கூடத் தாவாது!

வான் டி கிராஃப் செய்யுங்கள், அதாவது ஓடும் பட்டையால் மின்னேற்றத்தை மேலேற்றி உலோகக் கோளத்தில் சேர்க்கும் கருவி. 20 செ.மீ. எவர்சில்வர் கிண்ணம் இரண்டு, வாயோடு வாய். 75 மி.மீ. பிவிசி பைப் அரை மீட்டர். 5 செ.மீ. அகல லேடெக்ஸ் பட்டை, கீழே டெஃப்லான் உருளை, மேலே நைலான். உருளையின் நடுப்பகுதி ஒரு மி.மீ. புடைத்திருக்கட்டும், இல்லாவிட்டால் பட்டை ஓரம் நகர்ந்து கழன்றுவிடும். இரு உருளைகளுக்கும் எதிரே பிரித்த செம்புக்கம்பிச் சீப்பு, பட்டைக்கு 2 மி.மீ. தள்ளி. மேல் சீப்பைக் கிண்ணத்தோடு இணையுங்கள். மோட்டார் 12 வோல்ட் டிசி, பேட்டரியில் ஓடட்டும். வீட்டு மின்சாரத்தோடு இதை இணைக்கவே வேண்டாம்.

பதில் 2:
பலர் விட்டுவிடுவது: தீப்பொறி வாங்கும் உருண்டையைக் கீழ்ச் சீப்போடு கம்பியால் இணைக்க வேண்டும். குழிக்கரண்டியின் முதுகே போதும், பிடிக்குப் பிவிசி பைப். கறுப்பு ரப்பர் பட்டை வாங்காதீர்கள். அதிலுள்ள கார்பன் மின்னேற்றத்தைக் கசியவிடும். கிண்ண விளிம்பின் கூர்மையும் தூசும் அப்படித்தான், இருட்டில் பார்த்தால் ஊதா ஒளி தெரியும். விளிம்பில் டேப் ஒட்டுங்கள். கடலோரத்தில் பட்டை, பைப் இரண்டையும் ஸ்பிரிட்டால் துடைத்து, ஹேர் டிரையரால் காயவைத்த பிறகே ஓட்டுங்கள். சீக்கிரமே திரும்ப ஈரமாகும், டிரையர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கேட்டவர்:
தொட்டால் ஆபத்தா? மின்னேற்றம் சேமிக்கும் லேடன் ஜாடி சேர்த்தால் பொறி பெரிதாகுமாமே?

பதில் 1:
இந்தக் கோளம் மின்னேற்றம் தேக்கும் திறன் சுமார் 11 பிகோஃபாரட். 1,50,000 வோல்ட் ஏறினாலும் 0.12 ஜூல்தான், சுள்ளென்று அடிக்கும். லேடன் ஜாடி, அதாவது படலம் சுற்றிய பாட்டில், 1,000 பிகோஃபாரட் என்றால் 50,000 வோல்ட்டிலேயே 1.25 ஜூல், பத்து மடங்கு. பிள்ளைகள் வரும் இடத்தில் ஜாடி வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அருகே வரக் கூடாது, செல்போனும் தள்ளியிருக்கட்டும். மோட்டாரை நிறுத்தியதும் கரண்டியால் கிண்ணத்தைத் தொட்டு மின்னேற்றத்தை இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.