கடையின் பெயரைத் தேடினால் சைட் வருகிறது, செய்யும் வேலையைத் தேடினால் வரவில்லை. எங்கே கை வைப்பது?

பழுதுப்பட்டறை:

வணக்கம் நண்பர்களே. வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், ஏசி சர்வீஸ் செய்யும் சிறிய கடை எங்களுடையது. சைட் வேர்ட்பிரஸில் இருக்கிறது. எல்லாமே ஒரே பக்கம்தான். மெனுவில் 'சேவைகள்', 'கட்டணம்', 'தொடர்புக்கு' எதைத் தட்டினாலும் அதே பக்கத்தில் கீழே இறங்கும். கட்டண விவரத்தைப் போஸ்டராக வடிவமைத்துப் படமாகப் போட்டிருக்கிறோம்.

கூகுளில் கடைப் பெயரைத் தட்டினால் முதலில் வருகிறது. 'வாஷிங் மெஷின் தண்ணீர் வெளியேறவில்லை', 'ஃபிரிட்ஜ் ரிப்பேர்' என்று தேடினால் கண்ணுக்கே தெரியவில்லை. மாதக் கட்டணத்துக்கு நூற்றுக்கணக்கில் பேக்லிங்க் (வேறு சைட்களிலிருந்து நம் சைட்டுக்கு வரும் லிங்க்) கட்டித் தருவதாக ஒருவர் சொல்கிறார். பக்கத்தின் கோடில் மறைந்திருக்கும் மெட்டா கீவேர்டு என்ற சொல் பட்டியலை நிரப்பினால் போதும் என்கிறார் இன்னொருவர். எனக்குக் கோடிங் தெரியாது, வேர்ட்பிரஸ் உள்ளே போய் மாற்றங்கள் செய்யத் தெரியும். எதை முதலில் செய்ய வேண்டும்?

வலைத்தறி:

பேக்லிங்க் பேச்சை முதலில் ஒதுக்கி வையுங்கள். தரவரிசைக்காக லிங்க் வாங்குவது கூகுளின் ஸ்பேம் விதிகளுக்கு எதிரானது. அந்த லிங்குகள் கணக்கில் வராமலே போகலாம், நிலைமை மோசமானால் சைட் மீது கூகுள் ஊழியரே கைப்பட எடுக்கும் தண்டனை நடவடிக்கையான மேனுவல் ஆக்‌ஷன் வரும். மெட்டா கீவேர்டை வலைத் தேடலில் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. அதில் நேரம் செலவழிக்கவே வேண்டாம்.

சிக்கல் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: ஒரே பக்கம். மெனுவைத் தட்டும்போது முகவரியின் கடைசியில் # போட்டு ஒரு சொல் சேரும், கவனியுங்கள். # குறிக்குப் பின்னால் வருவதை கூகுள் தனிப் பக்கமாக எடுத்துக்கொள்வதில்லை. ஆக, கூகுளைப் பொறுத்தவரை உங்களிடம் இருப்பது ஒரே முகவரி, ஒரே தலைப்பு. கடைப் பெயரைத் தேடுபவருக்கு அது போதும். ஃபிரிட்ஜ் ரிப்பேர் தேடுபவருக்குக் காட்ட உங்களிடம் பக்கமே இல்லை.

சேவைக்கு ஒன்றாக மூன்று பக்கங்கள் போடுங்கள். வாஷிங் மெஷின் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். 'தரமான சேவை, அனுபவமிக்க ஊழியர்கள்' என்று எந்தக் கடைக்கும் பொருந்துகிற வரிகளை விடுங்கள். ஆட்கள் போனில் உங்களிடம் என்ன கேட்கிறார்களோ அதுவே துணைத் தலைப்பாக வரட்டும். 'தண்ணீர் வெளியேறவில்லை' என்பதன் கீழ், பம்ப் ஃபில்டரில் காசு, ஹேர்பின் சிக்கியிருக்கலாம். வெளியேற்றும் குழாய் மடிந்திருக்கலாம். பம்ப்பில் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் உடைந்திருக்கலாம் என்று காரணங்களை எழுதுங்கள். முதல் இரண்டை வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது, மூன்றாவதற்கு ஏன் ஆள் வர வேண்டும் என்று சொல்லுங்கள். ஃப்ரண்ட் லோடு, டாப் லோடு இரண்டும் பார்ப்பீர்களா, வந்து பார்ப்பதற்கான கட்டணத்தில் என்னென்ன அடங்கும், மாற்றும் பாகத்துக்கு வாரண்டி உண்டா என்பதையும் சேருங்கள். இதெல்லாம் உங்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். எந்த ஏஜென்சியாலும் இதை உங்கள் அளவுக்கு எழுத முடியாது.

டைட்டில், அதாவது தேடல் முடிவில் தெரியும் பக்கத் தலைப்பு, 'முகப்பு' என்றோ வெறும் கடைப் பெயராகவோ இருக்க வேண்டாம். 'வாஷிங் மெஷின் ரிப்பேர்: ஃப்ரண்ட் லோடு, டாப் லோடு', பிறகு கடைப் பெயர். இத்தனை எழுத்துதான் என்று விதி எதுவும் கிடையாது. ஆனால் திரையின் அகலத்துக்கு மேல் போனால் வெட்டிவிடுவார்கள், அதனால் முக்கியமான சொல் முன்னால் வரட்டும். பக்கத்தின் சுருக்கமான மெட்டா டிஸ்கிரிப்ஷன் தரவரிசையை உயர்த்தாது. தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே அந்த வாசகம் தெரிய வாய்ப்பிருப்பதால் இரண்டு வரி ஒழுங்காக எழுதுங்கள்.

புதுப் பக்கங்களுக்கு முகப்பிலிருந்து லிங்க் கட்டாயம் வேண்டும். பக்கத்தைப் போட்டுவிட்டு எங்கிருந்தும் லிங்க் கொடுக்காமல் விட்டால் கூகுள் அதைக் கண்டுபிடிக்கத் தாமதமாகும், முக்கியமான பக்கமாகவும் கருதாது.

அடுத்தது சர்ச் கன்சோல், தேடலில் உங்கள் சைட் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் கருவி. இலவசம்தான். டொமைன் முறையில் சேர்த்தால் டிஎன்எஸ்-ல் (டொமைன் பெயரை சர்வரோடு இணைக்கும் அமைப்பு) ஒரு டெக்ஸ்ட் ரெக்கார்டு போட வேண்டும். அது சிரமம் என்றால் யூஆர்எல் முன்னொட்டு முறையில் சேர்த்து, பக்கத்தின் கோடில் ஒரு வரி சேர்க்கும் ஹெச்டிஎம்எல் டேக் வழியாக, சைட் உங்களுடையது என்று உறுதி செய்யலாம். வேர்ட்பிரஸ் 5.5-லிருந்து பக்கங்களின் பட்டியலான சைட்மேப்பைத் தானே உருவாக்கித் தருகிறது, அதன் முகவரியை அங்கே கொடுத்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு புதுப் பக்கத்தின் முகவரியையும் அங்குள்ள யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் ஒட்டிப் பார்த்து, ஒருமுறை இண்டெக்ஸிங் (கூகுளின் பட்டியலில் சேர்ப்பது) கோருங்கள். திரும்பத் திரும்பக் கோரினால் வேகம் கூடாது.

ஒரு எச்சரிக்கை. சோதனைத் தளத்தில் பக்கங்களைத் தயார் செய்துவிட்டு அசல் தளத்துக்கு மாற்றும்போது, செட்டிங்ஸில் ரீடிங் பகுதியிலுள்ள 'தேடுபொறிகளைத் தவிர்' டிக்கும் கூடவே வந்துவிடலாம். அது இருந்தால் எல்லாப் பக்கத்திலும் தேடலில் காட்டாதே என்று கூகுளுக்குச் சொல்லும் நோஇண்டெக்ஸ் குறி ஏறிவிடும்.

ஊசிமுனை:

வலைத்தறி சொன்னதோட, கூகுள்ல கடை விவரத்தைக் காட்டற பிசினஸ் ப்ரொஃபைலையும் பாருங்க. பக்கத்துல இருக்கிற கடையைத் தேடறவங்களுக்கு மேப்போட மூணு கடை வருதில்ல, அது இதுல இருந்துதான் வருது. பொருத்தம், தூரம், பிரபலம் மூணையும் வச்சுத்தான் கூகுள் வரிசைப்படுத்துது. தூரத்தை நம்மால மாத்த முடியாது, மத்த ரெண்டுலயும் வேலை இருக்கு.

ப்ரொஃபைல்ல முதன்மைத் தொழில் வகை ஒண்ணு, கூடுதலா 9 வரைக்கும் சேர்க்கலாம். பொதுவா 'கடை'ன்னு போடாம, அதிகம் வர்ற வேலை எதுவோ அதுக்கான வகையை முதன்மையா வைங்க. மத்த ரெண்டும் கூடுதல்ல போகட்டும். பெயர்ல போர்டுல இருக்கிறது மட்டும்தான் வரணும். பெயரோட 'சிறந்த ஏசி ரிப்பேர்'னு ஒட்டினா ப்ரொஃபைலையே சஸ்பெண்ட் பண்ணலாம், மீட்க பெரும்பாடு. ஆட்கள் கடைக்கு வர்றதில்ல, நீங்கதான் வீட்டுக்குப் போறீங்கன்னா முகவரியை மறைச்சுட்டு சேவைப் பகுதிகளைக் குறிங்க, 20 வரைக்கும் போடலாம்.

வேலை முடிஞ்சதும் ரிவ்யூ லிங்கை அனுப்பிக் கேட்கலாம், தப்பில்ல. தள்ளுபடி தர்றேன்னு சொல்லிக் கேட்கக் கூடாது, அது விதிமீறல். திருப்தியா இருக்கறவங்ககிட்ட மட்டும் பொறுக்கிக் கேட்கறதும் அப்படித்தான். குறை சொல்லி எழுதினவங்களுக்கும் நிதானமா பதில் எழுதுங்க, அடுத்து வர்றவங்க அதையும் படிப்பாங்க.

பழுதுப்பட்டறை:

மிக்க நன்றி. # விஷயம் இப்போதுதான் புரிகிறது. இன்னும் இரண்டு சந்தேகம். பல பகுதிகளுக்குப் போய் வேலை செய்கிறோம். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் பகுதிக்கு ஒரு பக்கம் போடலாமா? தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தேடுகிறார்கள், மொழிபெயர்ப்பு பட்டன் வைத்தால் போதுமா?

வலைத்தறி:

ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிய பக்கங்களை வேண்டாம் என்றே சொல்வேன். 'டோர்வே பக்கம்' என்று ஸ்பேம் விதிகளிலேயே அதற்குப் பெயர் இருக்கிறது. பகுதிப் பட்டியலைச் சேவைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ஒரு பகுதியைப் பற்றி வேறாகச் சொல்ல உண்மையிலேயே ஏதாவது இருந்தால் மட்டும் தனிப் பக்கம். உதாரணமாக, அங்கே தண்ணீரில் உப்பு அதிகம், அதனால் ஹீட்டரில் படிவு சேர்கிறது என்பது போல.

மொழிபெயர்ப்பு பட்டன் பிரவுசரில் எழுத்தை மாற்றிக் காட்டும், அவ்வளவுதான். தனி முகவரி உருவாகாது, ஆகவே தேடலிலும் வராது. ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரியில் பக்கம் வேண்டும். இரண்டையும், எந்த மொழிப் பக்கம் எங்கே என்று கூகுளுக்குச் சொல்லும் ஹ்ரெஃப்லாங் குறி கொண்டு இணையுங்கள். தமிழ்ப் பக்கம் ஆங்கிலப் பக்கத்தையும், ஆங்கிலப் பக்கம் தமிழ்ப் பக்கத்தையும் காட்ட வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் மற்றதைக் காட்டினால் கூகுள் அந்த இணைப்பைப் புறக்கணித்துவிடும். பன்மொழி பிளகின்கள் இதைத் தாமே செய்துவிடும், சரிபார்த்தால் போதும்.

படிமம்:

போஸ்டர் பற்றி யாரும் சொல்லவில்லையே. முக்கியமான எழுத்தைப் படத்துக்குள் புதைக்காதீர்கள் என்று கூகுளே வழிகாட்டுதலில் சொல்கிறது. கட்டணத்தைச் சாதாரண அட்டவணையாகத் தட்டச்சு செய்துவிடுங்கள். போனில் பார்ப்பவர் இரண்டு விரலால் பெரிதாக்கி வாசிக்கும் அவஸ்தையும் தீரும். போஸ்டர் அழகுக்கு இருந்துவிட்டுப் போகட்டும், படத்துக்கான மாற்று எழுத்தான ஆல்ட் எழுத்தில் ஒரு வரி விளக்கம் கொடுங்கள்.

போன் கேமராவில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் பல எம்பி கனக்கும். காட்டப்போகும் அகலத்துக்குச் சுருக்கி கோப்பு சிறிதாகும் வெப்பி (WebP) வடிவில் சேமியுங்கள். கூகுளின் வேகச் சோதனைக் கருவியான பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் கைபேசி அளவீட்டைப் பாருங்கள்: முதன்மை உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தட்டினால் 200 மில்லி விநாடிக்குள் அசைய வேண்டும், பக்கம் திறக்கும்போது எழுத்தும் படமும் இடம் மாறிக் குதிக்கும் அளவு 0.1-க்குள் இருக்க வேண்டும். பல சைட்களில் முதல் அளவு தவறுவதற்குக் காரணம், மேலே உள்ள பெரிய படத்துக்கும் லேசி லோடு (திரைக்கு அருகே வரும்போதே படத்தை ஏற்றும் முறை) போட்டிருப்பதுதான். அந்த ஒரு படத்துக்கு மட்டும் அதை எடுத்துவிடுங்கள். நூற்றுக்கு நூறு மதிப்பெண்ணைத் துரத்த வேண்டாம், வேகம் மட்டும் யாரையும் மேலே தூக்காது.

வலைத்தறி:

படிமம் சொன்னது முழுக்கச் சரி. கூகுள் சைட்டை இப்போது கைபேசி வடிவில்தான் படிக்கிறது. கைபேசியில் இடம் பற்றாது என்று நீக்கிய பத்தி, கணினியில் தெரிந்தாலும் கணக்கில் வராது.

பக்கங்கள் போட்ட பிறகு சில வாரம் விட்டு, சர்ச் கன்சோலில் பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையைத் திறங்கள். சராசரி இடம் 8-லிருந்து 20-க்குள் இருக்கும் தேடல்களைப் பொறுக்கி எடுங்கள். இம்ப்ரெஷன் (முடிவுகளில் தெரிந்த எண்ணிக்கை) வந்து கிளிக் வராதவை அங்கேதான் இருக்கும். அந்தத் தேடலுக்கான விடை உங்கள் பக்கத்தில் நேராக இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஒரு பத்தி சேருங்கள். ஒரே தேடலுக்கு உங்களுடைய இரண்டு பக்கங்கள் மாறி மாறி வந்து, சொல்வதும் ஒன்றாகவே இருந்தால், இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு, நீக்கிய முகவரியிலிருந்து 301 திருப்புதல் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்புவது) கொடுங்கள். அந்தத் திருப்புதலைக் குறைந்தது ஒரு வருடம் எடுக்காதீர்கள்.