பி.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிச்சவங்களே, இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு நாள்?

வெண்ணாற்றங்கரை:

நானே ஆரம்பிக்கிறேன். மூணாவது வருஷம், தை மாசம், சம்பா அறுவடை. பயிர் அறுவடைப் பரிசோதனை பாக்க எங்க ஆறு பேரை அனுப்பினாங்க. ஒரு சின்னத் துண்டை மட்டும் அறுத்து எடை போட்டு மகசூலைக் கணிக்கிறது. எப்படி நடக்கும்னு உங்களுக்கே தெரியும். எந்த சர்வே நம்பர், எந்த வயல், வயலுக்குள்ள எந்த இடம், எல்லாமே ரேண்டம் நம்பர்தான். தென்மேற்கு மூலையில இருந்து எண்ணி நடந்து, முளை அடிச்சு, கயிறு கட்டி, 5 மீட்டருக்கு 5 மீட்டர். எண் எழுதின சீட்டு என் கையில.

அந்தக் கட்டம் போய் விழுந்தது வயலோட மேட்டுப்பக்கம். பயிர் நிமிர்ந்து நின்ன ஒரே இடம். மிச்சம் முக்கால்வாசி மழையில சாஞ்சு, கதிர் தண்ணியிலயே முளைவிட்டுக் கிடந்தது. வயல்காரப் பெரியவர், ஆபீசர்கிட்டப் போகல, என்கிட்ட வந்தார்.

"தம்பி, கொஞ்சம் கீழ தள்ளி வைக்கச் சொல்லுங்களேன்."

"மாத்தக் கூடாதுங்கய்யா."

அவர் என் கையையே பாத்துக்கிட்டு நின்னார். "அந்தச் சீட்டு என் வயலைப் பாக்கவே இல்லையே தம்பி."

அடிச்சு, தூத்தி, எடை போட்டா 14 கிலோ 200 கிராம். 400-ஆல பெருக்கினா எக்டேருக்கு 5,680 கிலோ. அன்பயஸ்டுன்னா, அதாவது ஒரு பக்கமாச் சாயாத மதிப்பீடுன்னா, என்னன்னு அந்த செமஸ்டர்லதான் முழுப் பக்கம் எழுதி முழு மார்க் வாங்கியிருந்தேன். அவர்கிட்ட சொல்ல ஒரு வார்த்தை வரல.

மலைரயில்:

நான் பி.பி.ஏ. டூரிசம். எங்களுக்கும் புள்ளியியல் பேப்பர் உண்டு, அதனால எழுதலாம்னு நினைக்கிறேன்.

ஊட்டியில மே மாசம், மலர்க் கண்காட்சி சமயம். 'எத்தனை ராத்திரி தங்குறீங்க'ன்னு கேக்கிறதுதான் எங்க வேலை. லாட்ஜ் லாட்ஜா ஏறினோம், சராசரி மூணு ராத்திரிக்குப் பக்கத்துல வந்தது. கடைசி நாள் மேட்டுப்பாளையம் இறங்குற வழியில டீ குடிக்க நின்னோம். ஒரு வேன் ஆளுங்க ரோட்டோரம் துணி விரிச்சுப் புளிசாதம் சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. ஒரு அக்கா என் ஃபாரத்தை வாங்கி மேலயிருந்து கீழ வரைக்கும் படிச்சுட்டு, "காலையில ஏறினோம், இப்ப இறங்கறோம். இதுல எங்களுக்குக் கட்டமே இல்லியேம்மா"ன்னாங்க.

'1–2', '3–4', '5, அதுக்கு மேல்'. அவ்வளவுதான் இருந்தது. பூஜ்யம்னு ஒரு கட்டம் போடணும்னு எங்க ஒருத்தருக்கும் தோணல. லாட்ஜுக்குள்ள போய்க் கேட்டா மூணு ராத்திரி தங்குறவர் நம்ம கண்ணுல பட மூணு மடங்கு வாய்ப்பு, ஒரு ராத்திரிக்காரர் நழுவிடுவார், வேன்காரர் வரவே மாட்டார். இதெல்லாம் அப்புறம் ஒரு சீனியர் சொல்லித்தான் புரிஞ்சது. இப்போ 2024 மேயிலிருந்து ஊட்டிக்கு வர்ற வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தாச்சு. வண்டிக் கணக்கு கிடைக்குது. அந்தத் துணி விரிச்சவங்க எங்க சாப்பிட்டாங்க, எங்க பாத்ரூம் போனாங்கன்னு வண்டிக் கணக்கு சொல்லாது. ஒரு ஊர் எத்தனை பேரைத் தாங்கும்னு முடிவு பண்ண அதுதானே வேணும்?

நுங்குவண்டி:

எங்க புராஜெக்ட்டுக்கு 120 வீடு சர்வே. நாங்க போனது 30-க்கும் குறைவு. மிச்சத்தை ஹாஸ்டல் மாடியில உக்காந்து நிரப்பினோம். சந்தேகம் வராத மாதிரி வயசெல்லாம் 37, 42, 58-னு கலந்து போட்டோம்.

மேடம் வயசு காலத்தை மட்டும் விரல் வெச்சுக் கீழ வரைக்கும் இறக்கினாங்க. "நம்ம ஊர்ல பெரியவங்களை வயசு கேட்டா நாப்பது, நாப்பத்தஞ்சு, அம்பதுன்னுதான் சொல்லுவாங்க. விப்பிள் குறியீடு நடத்தினேனே, ஞாபகம் இருக்கா? சென்சஸ்லயே 0-லயும் 5-லயும் குவியும். உங்க ஊர்ல மட்டும் எல்லாரும் பிறந்த தேதி பாத்துச் சொல்லியிருக்காங்க." திட்டல. "நிஜமா எத்தனை பேரைப் பாத்தீங்கப்பா?"ன்னு மட்டும் கேட்டாங்க. அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு. மறுபடியும் 90-க்கு மேல வீடு ஏறினோம்.

நாற்பதாம்நம்பர்:

வெண்ணாற்றங்கரை, சீட்டு மேல பழி போடாதீங்க. பயிர்க் காப்பீட்டுல இந்த மகசூல் கணக்கு தனி வயலுக்குக் கிடையாது. அறிவிக்கப்பட்ட பகுதி முழுசுக்கும் சராசரி எடுத்து, அது உத்தரவாத மகசூலுக்குக் கீழ போனாத்தான் பணம். நீங்க பத்தடி தள்ளியிருந்தா, அடுத்த ஊர்ல இன்னொருத்தர் நல்ல பயிர் பக்கம் தள்ளுவார். அப்புறம் அந்த எண்ணை யார் நம்புவாங்க?

என் கதை சின்னது. நூல் மில்லுல முதல் வேலை. தரம் எல்லைக்குள்ள இருக்கான்னு பாக்குற கன்ட்ரோல் சார்ட்ல ஒரு புள்ளி மேல் எல்லையைத் தாண்டிச்சு. ஃபிட்டர் அண்ணன் "தம்பி, நிறுத்தட்டுமா?"ன்னு கேட்டார். அடுத்த சாம்பிள் பாக்கலாம்னேன். ரெண்டு ஷிப்ட் நூல் கவுண்ட் (நூலோட பருமன் அளவு) தப்பி வீணாச்சு.

இதைப் படிக்கிற பிளஸ் டூ பசங்களுக்கு ஒண்ணு சொல்லணும். 'டேட்டா சயின்ஸ்'னு போர்டு மாட்டின கோர்ஸ்ல சேர்றதுக்கு முன்னாடி சிலபஸை வாங்கிப் பாருங்க. சாம்பிளிங் தியரியும் டிசைன் ஆஃப் எக்ஸ்பெரிமென்ட்ஸும் தனித்தனிப் பேப்பரா இருக்கணும், பிராக்டிகலோட. ஒரு தடவையாவது வெளியில கூட்டிட்டுப் போவாங்களான்னு சீனியர்ஸ்கிட்டக் கேளுங்க. பன்னிரண்டாவதுல கணக்கு எடுத்தவங்க கொல்கத்தா ஐ.எஸ்.ஐ. (இந்தியப் புள்ளியியல் நிறுவனம்) நடத்துற பி.ஸ்டாட் பட்டப்படிப்பு நுழைவுத் தேர்வைக் கண்டிப்பா எழுதிப் பாருங்க, மகலனோபிஸ் 1931-ல தொடங்கின இடம் அது. பாதிப் பேருக்கு அப்படி ஒரு தேர்வு இருக்கிறதே தெரியாம மே மாசம் போயிடுது. டிகிரியில ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஒரு பாடமா இருந்தாலே யு.பி.எஸ்.சி. நடத்துற ஐ.எஸ்.எஸ். (இந்தியப் புள்ளியியல் பணி) தேர்வு எழுதலாம், எம்.எஸ்சி. வேணும்னு யாரோ சொன்னதைக் கேட்டு நான் ரெண்டு வருஷம் விட்டேன். ஆர் (R) சாஃப்ட்வேர் கத்துக்கோங்க, இலவசம். ஆனா முதல்ல ஒரு டேபிளைக் கையால போடுங்க. எண் எங்க தப்பாகுதுன்னு கைக்குத்தான் முதல்ல தெரியும்.

வெண்ணாற்றங்கரை:

நண்பரே, சராசரி தப்புன்னு நான் எங்கயும் எழுதல. மாத்தக் கூடாதுன்னு சொன்னவனே நான்தான், இன்னைக்கும் அதையேதான் சொல்வேன்.

எடை போட்ட நெல்லை வயல்காரர்கிட்டயே கொடுத்துடுவோம்ல. அன்னிக்கும் கொடுத்தோம். அவர் அதை மத்த நெல்லோட கொட்டல. சாக்கு வாயைக் கட்டி வரப்புல தனியா வெச்சார். "இது விதைக்கு ஆகும் தம்பி, வேற இல்ல"ன்னார்.