24-105 லென்ஸில் ‘எர்ரர் 01’: தென்மாவட்டங்களில் யாரிடம் கொடுக்கலாம்?

கேமரா கேனன் 6டி. லென்ஸ் இஎஃப் 24-105 எஃப்/4 எல், முதல் தலைமுறை. போன வாரம் தூத்துக்குடி உப்பளத்தில் படமெடுத்துக்கொண்டிருந்தபோது திரையில் ‘எர்ரர் 01’ வந்தது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் தொடர்பு சரியில்லையாம். அன்றிலிருந்து இதே கதைதான்.

அப்பர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளை) முழுதாகத் திறந்து எஃப்/4-இல் வைத்தால் எல்லாப் படமும் விழுகிறது. அதைச் சுருக்கி எஃப்/8-க்குப் போனால் உடனே பிழை. அகலக் கோணத்தில் அடிக்கடி, 70 மி.மீ.க்கு மேல் எப்போதாவது. ஆட்டோஃபோகஸில் குறையில்லை.

தொடர்புப் புள்ளிகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்தேன். பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். இதே பாடியில் 50 மி.மீ. லென்ஸ் ஒழுங்காக வேலை செய்கிறது. நண்பரின் கேமராவில் மாட்டினாலும் 24-105 அதே பிழையைக் காட்டுகிறது. ஆக, பாடி தப்பித்தது. அப்பர்ச்சர் இதழ்களுக்குப் போகும் ஃபிளெக்ஸ் கேபிள் (வளையும் பட்டை வயர்) உள்ளே அறுந்திருக்கும் என்பது என் ஊகம். ஜூமை இழுக்கும்போதெல்லாம் மடங்கி விரிவது அதுதானே. கல்யாணம், கோயில், உப்பளம் என்று வருடக்கணக்கில் உழைத்த லென்ஸ். அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

சென்னையில் ஒரு கடையில் கேட்டேன், அனுப்பிவைத்தால் ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அதற்குள் குலசேகரன்பட்டினம் தசரா வந்துவிடும். இரவு ஆட்டத்தை எஃப்/4-இலேயே ஓட்டிவிடலாம். பகலில் வேடமிட்ட குழுவை நிற்கவைத்து அதே எஃப்/4-இல் எடுத்தால் காளிக்குக் கூர்மை, பின்னால் நிற்கும் குரங்குக்கு மங்கல். வாடகைக்கு எடுத்தால் கூலியில் பாதி போய்விடும்.

மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் இந்த லென்ஸின் அப்பர்ச்சர் கேபிளை மாற்றத் தெரிந்தவர், நீங்களே கொடுத்துச் சரிசெய்துகொண்டவர், யாராவது இருக்கிறாரா?