வீட்டுச் சங்ரியாவுக்கு எந்த வைன்? அனுபவப் பகிர்வு

செந்தூல், கோலாலம்பூர்

வைன்ல பழமும் சர்க்கரைப் பாகும் கலக்குற பானம்தான் சங்ரியா. அது கசந்துபோச்சுன்னு யார் சொன்னாலும் முதல்ல கேட்க வேண்டியது, எந்த வைன் ஊத்துனீங்கன்னுதான். பேரங்காடியில ஹலால் அல்லாத பகுதிக்குப் போனா கண்ணுக்கு நேரா நிக்கிறது சிலி, ஆஸ்திரேலியா கேபர்னே சாவின்யோன் சிவப்பு வைன். ஆட்டிறைச்சிக்கு நல்லாப் பொருந்தும், சங்ரியாவுக்கு ஆகாது. அதுல டானின் அதிகம், பச்சைப் பாக்கை மென்ன மாதிரி நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பு அதுதான். வைன் குளிரக் குளிர அது இன்னும் தூக்கலாத் தெரியும். எலுமிச்சைத் தோல் கசப்பும் சேர்ந்துட்டா எவ்வளவு சர்க்கரை கொட்டினாலும் மறையாது.

தேட வேண்டியது ஸ்பெயின் டெம்ப்ரனியோ, இல்லன்னா கார்னாச்சா திராட்சையில செஞ்ச சிவப்பு வைன். இளசா இருக்கணும். லேபிள்ல ‘ஹோவென்’னு (Joven, இளசுன்னு அர்த்தம்) இருந்தா யோசிக்காம எடுக்கலாம். ‘கிரியான்சா’ன்னு (Crianza) இருந்தா திருப்பி வெச்சிடுங்க, ஸ்பெயின்ல ரியோஹா வட்டாரத்துச் சிவப்பு வைன் அந்தப் பேரைப் போட்டுக்கக் குறைஞ்சது ஒரு வருஷம் ஓக் பீப்பாயில கிடந்திருக்கணும். அந்த வெனிலா வாசமும் மர வாசமும் ஆரஞ்சோட ஒட்டாது. ஸ்பெயின் சரக்கு கிடைக்கலன்னா சிலி மெர்லோ எடுங்க. பின்பக்க லேபிள்ல ஓக் பேச்சே இருக்கக் கூடாது, ஆல்கஹால் 13.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 50 ரிங்கிட்டை ஒட்டின போத்தல் தாராளமாப் போதும். அதுக்கு மேல குடுக்கிற காசு பழத்துக்கும் சர்க்கரைக்கும் அடியில போயிடும்.

பாயான் பாரு, பினாங்கு

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நம் ஊர் வெக்கைக்கு ஒன்று சேர்க்கிறேன்: கடை ஜன்னல் ஓரத்தில் வெயில் படும்படி நிற்கும் போத்தலைத் தொடாதீர்கள். கார்க் விளிம்புக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தால் உள்ளே வைன் வெந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். வாங்கியதைக் கார் பூட்டில் போட்டுவிட்டு ஊர் சுற்றவும் வேண்டாம்.

இனி அளவு. 750 மில்லி வைனுக்கு ஓர் ஆரஞ்சு, ஓர் எலுமிச்சை, ஒரு பச்சை ஆப்பிள், 60 மில்லி பிராந்தி, 120 மில்லி ஆரஞ்சுச் சாறு, 45 மில்லி சர்க்கரைப் பாகு. சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் சூடாக்கி ஆறவைத்தால் பாகு தயார். குளிர்ந்த வைனில் சர்க்கரையை அப்படியே போட்டால் கரையாது, அடியில் மணல்போல் தங்கும். முதல் கிளாஸ் புளிக்கும், கடைசிக் கிளாஸ் திகட்டும். பழத்தைப் பாகிலும் பிராந்தியிலும் அரை மணி நேரம் ஊறவிட்டு, பிறகு வைனும் சாறும் ஊற்றி, மூடி, ஃபிரிட்ஜில் 4 மணி நேரம் வையுங்கள். பட்டை ஒரு துண்டு போதும். கிராம்பு இரண்டுக்கு மேல் போனால் பிரியாணி வாசம் வந்துவிடும்.

சோடா 250 மில்லி, பரிமாறும் நேரத்தில் மட்டும். முன்னாலேயே ஊற்றினால் வாயு போய்த் தண்ணீர்தான் மிஞ்சும்.

செராஸ், கோலாலம்பூர்

அக்கா, முதல் நாள் ராத்திரியே கலந்து வெச்சிட்டா வேலை மிச்சமாகும்னு தோணுது. காலையில கசக்குமா?

பாயான் பாரு, பினாங்கு

எந்த ஆரஞ்சு போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது, தம்பி. தொப்புள் மாதிரி அடியில் முனை தெரியும் நேவல் ஆரஞ்சு என்றால் கசக்கும். வெட்டியவுடன் தித்திக்கும், ஆனால் அதில் இருக்கும் ஒரு சேர்மம் புளிப்பு பட்டு நேரம் ஆக ஆக லிமோனின் ஆக மாறும். அதுதான் கசப்பு. சாறு பிழிந்து வைத்தாலும் இதே கதை. ராத்திரியே கலப்பதென்றால் வேலன்சியா ஆரஞ்சு வாங்குங்கள், வெள்ளைத் தோலைச் சீவி எறிந்துவிட்டுச் சுளையை மட்டும் போடுங்கள். வாசத்துக்கு மேல்தோலில் இரண்டு சீவல் போதும். இறக்குமதி எலுமிச்சையில் மெழுகு பூசியிருப்பார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்துக் கழுவாமல் தோலோடு போடாதீர்கள்.

புலாவ் தீக்குஸ், பினாங்கு

உள்ளூர்ப் பழம் பற்றி யாரும் பேசவில்லையே. கொட்டை நீக்கிய கெட்டிக் கொய்யா, நட்சத்திரப் பழம், பாதி பழுத்த அன்னாசி மூன்றும் ஊறினாலும் உருக்குலையாது. பப்பாளி, வாழை, தர்பூசணி வேண்டாம், குழைந்து வைனைக் கலங்கடித்துவிடும். லிமாவ் கஸ்தூரி என்ற குட்டி எலுமிச்சை வகையின் சாறு சாதாரண எலுமிச்சையைவிட மணமாக இருக்கும், நான்கு பழம் பிழிந்தால் போதும். விதை விழாமல் வடிகட்டுங்கள்.

பாலிக் புலாவ் பக்கம் விற்கும் ஜாதிக்காய்ப் பாகு சிவப்பு வைனில் எடுபடாது. வெள்ளைச் சங்ரியாவில் சர்க்கரைப் பாகுக்குப் பாதி இதை ஊற்றிப் பாருங்கள், எனக்கு அதைவிடப் பிடித்தது வேறில்லை. வெள்ளைச் சங்ரியாவுக்கு வெர்தெஹோ அல்லது சாவின்யோன் பிளாங்க் வெள்ளை வைன். ஓக் ஏறிய ஷார்டொனே வேண்டாம்.

செந்தூல், கோலாலம்பூர்

பிராந்தி விஷயத்துல மட்டும் காசு பார்க்காதீங்க. 2018 செப்டம்பர்ல சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்துல கலப்பட மது குடிச்சு, மெத்தனால் நச்சுல பல பேர் செத்தாங்க. மெத்தனாலை வாசத்துலயோ ருசியிலயோ கண்டுபிடிக்க முடியாது. சுங்கத்துறை வரி முத்திரை இல்லாத போத்தல் எவ்வளவு மலிவா வந்தாலும் வேண்டாம். நல்ல பிராந்தி கையில இல்லன்னா அதை விட்டுடுங்க, சங்ரியா ஒண்ணும் குறைஞ்சிடாது.

இன்னொண்ணு, மேல சொன்ன அளவுல கலந்தா 1.2 லிட்டர் வரும், ஆல்கஹால் ஏறக்குறைய 10 விழுக்காடு. ஐரோப்பிய விதிப்படி சங்ரியாங்கிற பேர்ல விக்கிறது 4.5க்குக் குறையாம, 12க்குக் கீழ இருக்கணும், நம்மளோடது அதுல மேல் பக்கம். இனிப்பா இருக்கிறதால ஜூஸ் மாதிரி இறங்கும். காரை எடுக்கப் போறவங்களுக்கு ஊத்தவே ஊத்தாதீங்க.

செராஸ், கோலாலம்பூர்

ஐஸ்? திறந்த இல்ல உபசரிப்புல வாசல்ல கூடாரம் போட்டா பத்து நிமிஷத்துல ஜக் முழுக்கத் தண்ணியாயிடுது.

புலாவ் தீக்குஸ், பினாங்கு

ஜக்கில் ஐஸ் போடவே கூடாது. ஜக்கைப் பெரிய பாத்திரத்தில் ஐஸுக்கு நடுவே வையுங்கள், கிளாஸில் உறையவைத்த திராட்சை நாலு போடுங்கள். திராட்சை கரையாது, குளிரும் நிற்கும். ஆரஞ்சுச் சாறை ஐஸ் தட்டில் உறையவைத்தும் போடலாம்; அப்போது ஜக்கில் சாறைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

முஸ்லிம் விருந்தினர் வரும் வீட்டில் சங்ரியாவுக்குத் தனி மேசை, தனி ஜக், தனிக் கரண்டி, தனிக் கிளாஸ். பழம் மிதப்பதால் பார்க்கப் பழச்சாறு மாதிரியே இருக்கும், பிள்ளைகளும் எடுத்துவிடுவார்கள். பெரிதாக எழுதி ஒட்டுங்கள், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.

பாயான் பாரு, பினாங்கு

மிஞ்சினால் பழத்தை அள்ளி எடுத்துவிட்டு வடிகட்டி, வாய் இறுக மூடிய போத்தலில் ஃபிரிட்ஜில் வையுங்கள். சோடா சேர்க்காததாக இருந்தால் இரண்டு நாள் நன்றாக இருக்கும். பழத்தோடு விட்டால் மறுநாளே ஆப்பிள் பஞ்சாகிவிடும்.